யோச்சியென் வேறு, யோஜியென் வேறு

ஜப்பானிய மொழியில் யோச்சியென் என்றால் மழலையர் பள்ளி. யோஜியென் என்றாலும் கேட்பவர் காதில் ஏறக்குறைய அதேதான் விழும். ஆனால் முதல் பெயரைப் பலகையில் எழுதுவதற்கு அந்த இடம் சட்டப்படி பள்ளியாக இருக்க வேண்டும். பள்ளியாக இல்லாத எந்த நிறுவனமும் பள்ளியின் பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது பள்ளிக் கல்விச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. இரண்டாவது பெயருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ‘பைலிங்குவல் யோஜியென்’ என்று பலகை கண்டால், ‘ச்சி’யா ‘ஜி’யா என்று நடுவில் நிற்கும் அந்த ஒரு எழுத்தை உற்றுப் பார்க்க வேண்டும். சேர்க்கை விதி, கட்டணம், அரசு உதவி, விபத்துக் காப்பீடு எல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தே மாறும்.

‘பைலிங்குவல்’ என்ற சொல்லுக்கோ சட்டத்தில் வரையறையே இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஆங்கிலப் பாட்டு சொல்லித்தரும் இடமும், காலை முதல் மாலைவரை ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் இடமும் அதே சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். டோக்கியோவின் எதோகாவா, கோதோ வார்டுகளில் வேலை மாற்றலாகி வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது இந்தச் சொல்லைத்தான். அதிலிருந்து தொடங்குவதைவிட, அந்த இடம் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் பணமும் மிஞ்சும், குழப்பமும் குறையும்.

நான்கு வகை

யோச்சியென் கல்வி அமைச்சகத்தின்கீழ் வருவது. மூன்று வயது முதல் ஆறு வரை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 39 வாரம் என்பது அதன் அடிப்படை அளவு. நடைமுறையில் ஒன்பது மணிக்கு விட்டால் இரண்டு மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும். புதன்கிழமைகளில் பதினொன்றரைக்கே அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. கோடை விடுமுறை ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை நீளும்.

ஹொய்க்குயென் என்பது வேலைக்குப் போகும் பெற்றோருக்கான குழந்தைக் காப்பகம். குழந்தைகள் நலச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து குழந்தைகள் குடும்ப முகமை அதைக் கவனிக்கிறது. இதற்கு விண்ணப்பம் பள்ளியில் கிடையாது, வார்டு அலுவலகத்தில்தான். யாருக்கு இடம் என்பதை வார்டு புள்ளி போட்டுத் தீர்மானிக்கும்: இருவரும் முழுநேர வேலையா, மூத்த குழந்தை ஏற்கெனவே அங்கே படிக்கிறதா என்பது போன்றவற்றுக்குப் புள்ளி. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது 2006இல் வந்த கொதொமோயென்.

நான்காவது, நிங்காகை. அரசு உரிமம் பெறாமல், பதிவு மட்டும் செய்துகொண்டு நடப்பவை. உரிமம் இல்லை என்றதும் திருட்டுத்தனமாக நடப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். இடப்பரப்பு, ஆள் எண்ணிக்கை ஆகியவற்றில் உரிமத்தின் அளவுகோலை எட்டவில்லை, அல்லது கட்டணத்தையும் சேர்க்கையையும் தாங்களே முடிவு செய்ய விரும்புகிறார்கள் என்று பொருள். ஆங்கிலவழிப் பிரீஸ்கூல்களில் பெரும்பாலானவை இந்த வகை. இங்கே வார்டு குறுக்கே வராது, நேராகப் பள்ளியிலேயே சேரலாம். ஆண்டின் நடுவில் வந்திறங்குபவர்களுக்கு அது பெரிய வசதி. அதற்கான விலையும் உண்டு.

பணம்: இங்கேதான் தவறுகிறது

2019 அக்டோபர் முதல் ஜப்பானில் மழலைக் கல்வி இலவசம் என்று சொல்கிறார்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குள் பல அறைகள்.

மூன்று முதல் ஐந்து வயது வகுப்புகளுக்கு: உரிமம் பெற்ற ஹொய்க்குயெனில் கட்டணம் இல்லை. யோச்சியெனில் மாதம் 25,700 யென் வரை அரசு கொடுக்கும். பெற்றோர் வேலைக்குப் போகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. நிங்காகையில் மாதம் 37,000 யென் வரை கிடைக்கும். ஆனால் அதற்கு, குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வார்டு சான்று தர வேண்டும். ‘ஷின்-நிகோ’, அதாவது புதிய இரண்டாம் வகை என்று அந்தச் சான்றுக்குப் பெயர்.

கணவர் மென்பொருள் வேலையில், மனைவி சார்பு விசாவில் வீட்டில் என்பது டோக்கியோவுக்கு வரும் பல தமிழ்க் குடும்பங்களின் நிலை. இந்த நிலையில் மாதம் 1,20,000 யென் கேட்கும் பிரீஸ்கூலில் குழந்தையைச் சேர்த்தால், அரசு தருவது பூஜ்யம். மாதம் 33,000 யென் கேட்கும் யோச்சியெனில் சேர்த்தால் கையிலிருந்து போவது 7,300 யென். இருவரும் வேலைக்குப் போனால் அதே பிரீஸ்கூல் 83,000 யென்னுக்கு இறங்கும். மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் அந்த 37,000 என்பது 13,32,000 யென்.

சான்றுக்கு எவ்வளவு வேலை வேண்டும்? மாதம் 48 முதல் 64 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு குறைந்தபட்ச அளவை அந்தந்த வார்டே வைத்துக்கொள்கிறது. சார்பு விசாவில் இருப்பவர், குடிவரவு அலுவலகத்தில் கூடுதல் செயல்பாட்டு அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வசிப்பிட அட்டையின் பின்பக்கத்தில் அந்த அனுமதி அச்சாகும். வாரம் 16 மணி நேரம் வேலை பார்த்தாலே 64ஐ எட்டிவிடுகிறது. வேலை தேடிக்கொண்டிருப்பதும் குறுகிய காலத்துக்குக் காரணமாக ஏற்கப்படும். ஆகவே பகுதிநேர வேலைக்குப் போகும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால், வேலை முதலில், சான்று அடுத்து, சேர்க்கை கடைசியில் என்று வரிசையை அமைத்துக்கொள்வது நல்லது.

வரிசை ஏன் முக்கியம் என்றால், சான்று பின்தேதியிட்டுக் கிடைக்காது. ஏப்ரலில் சேர்த்துவிட்டு ஜூனில் போய் விண்ணப்பித்தால் இடைப்பட்ட மாதங்களின் பணம் போனதுதான். இன்னொன்று, கட்டணம் தானாகக் கழிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிங்காகையில் பெரும்பாலும் முழுத்தொகையை முதலில் கட்ட வேண்டும். பள்ளி தரும் ரசீதையும் சேவைச் சான்றையும் சில மாதங்களுக்கு ஒருமுறை வார்டுக்கு அனுப்பினால் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். திரும்புவதும் பராமரிப்புக் கட்டணம் மட்டும். சேர்க்கைக் கட்டணம், சாப்பாடு, பேருந்து, சீருடை, சுற்றுலா எல்லாம் நம் கணக்கு.

சிலருக்கு வியப்பளிக்கும் விதி ஒன்று: பெரிய சர்வதேசப் பள்ளிகள் சில ‘ககுஷு கக்கோ’, அதாவது இதர வகைப் பள்ளி என்ற அங்கீகாரம் பெற்றவை. அவற்றின் மழலையர் பிரிவு இந்தத் தேசியத் திட்டத்தில் சேர்வதே இல்லை. மாடிக்கட்டடத்தில் இரண்டு அறையில் நடக்கும் பிரீஸ்கூலுக்கு உதவி உண்டு, மைதானம் வைத்த பள்ளிக்கு இல்லை. ஆகவே எந்த இடமானாலும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே ஒரு கேள்வி: ‘முஷோகா தைஷோ தெசுகா?’ இலவசத் திட்டத்துக்கு உட்பட்டதா என்று பொருள். பதில் மழுப்பலாக வந்தால் வார்டு அலுவலகத்தில் கேட்டுவிடலாம். பட்டியல் அவர்களிடம் இருக்கும்.

மூன்று வயதுக்குக் கீழே தேசிய உதவி மிகக் குறைவு; குடியிருப்பு வரி கட்டத் தேவையில்லாத குடும்பங்களுக்கே கிடைக்கிறது. டோக்கியோ மாநகரமோ தன் பணத்தில், உரிமம் பெற்ற இடங்களில் இரண்டாவது குழந்தைக்கு 2023 அக்டோபர் முதலும், முதல் குழந்தைக்கு 2025 செப்டம்பர் முதலும் இந்த வயதுக் கட்டணத்தை நீக்கியிருக்கிறது. ஆற்றைக் கடந்து சிபா பக்கம் வீடு பார்த்தால் வாடகை குறையும், இந்தச் சலுகையும் போய்விடும்.

எந்த மொழிக்காக?

இருமொழிப் பிரீஸ்கூல்களை நடத்துபவர்கள் மனதில் வைத்திருப்பது வீட்டில் ஜப்பானிய மொழி பேசும் குழந்தையை. அந்தப் பெற்றோருக்கு வேண்டியது ஆங்கிலம். தமிழ்க் குடும்பத்துக்கு வேண்டியது பெரும்பாலும் ஜப்பானிய மொழி, அல்லது ஊர் திரும்பினால் பயன்படும் ஆங்கிலம். அங்கே நடக்கும் ‘ஜப்பானிய மொழி நேரம்’ வீட்டில் அதைப் பேசிப் பழகிய குழந்தைக்குப் பாட்டும் ஹிரகானா எழுத்தும் சொல்லித்தரும் நேரமே. அந்த மொழியை ஒரு சொல்கூட அறியாத குழந்தைக்கு அடியிலிருந்து கற்பிக்கும் நேரமாக அதை நினைத்துக்கொண்டு பணம் கட்டினால் ஏமாற்றம்தான்.

குழந்தை மொழியை ஆசிரியரிடமிருந்து கற்பதைவிட, மணல்தொட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தையிடமிருந்தே அதிகம் பிடிக்கிறது. ‘குடு’, ‘என்னுது’, ‘நானும் வரேன்’ என்பவை எந்த மொழியில் அங்கே சொல்லப்படுகின்றனவோ, அதுதான் ஆறு மாதத்தில் வீட்டுக்கு வரும். வகுப்பில் 15 பேரில் 13 பேர் ஜப்பானிய மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தால், ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசினாலும் விளையாட்டு ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். வீட்டில் வேறு மொழிகள் பேசும் குழந்தைகள் கலந்திருந்தால் ஆங்கிலம் நிற்கும். எனவே அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ஆங்கில ஆசிரியர் எந்த நாட்டவர் என்பது அல்ல. இந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் வீட்டில் ஜப்பானிய மொழி பேசுகிறார்கள் என்பது.

நேரடியாகவே சொல்லிவிடலாம். ஐந்தாறு ஆண்டு இருக்கப்போகிறீர்கள், குழந்தை அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போகும் என்றால் சாதாரண யோச்சியெனோ ஹொய்க்குயெனோ போதும். மொழியும் நன்றாக வரும், செலவும் குறைவு. இரண்டு ஆண்டில் சென்னைக்கோ கோவைக்கோ திரும்புவது உறுதி என்றால், மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தில் நடக்கும் டோக்கியோ இந்தியப் பள்ளிகளின் மழலையர் வகுப்பு நேர்வழி. இருமொழிப் பிரீஸ்கூல் யாருக்குப் பொருந்தும் என்றால், எவ்வளவு காலம் இருப்போம் என்று தெரியாதவர்களுக்கு. ஆண்டின் நடுவில் வந்து வேறு இடம் கிடைக்காதவர்களுக்கு. பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை ஜப்பானிய மொழியில் படிக்க இயலாத பெற்றோருக்கு. இந்த மூன்றாவது காரணத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஆனால் அதுதான் மிக நியாயமான காரணம். யோச்சியென் ஒன்றிலிருந்து மாதம் பத்துப் பதினைந்து தாள்கள் வரும்; நாளை வெறும் தயிர்க்குப்பி இரண்டு கொண்டுவரச் சொன்ன வரி அதில் எங்கோ இருக்கும்.

மூன்றாவது மொழி குழந்தைக்குச் சுமையாகிவிடும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறும் பெற்றோர் உண்டு. தேவையில்லாத வேலை. புதிய இடத்தில் முதல் சில மாதம் குழந்தை வாயே திறக்காமல் இருப்பது வழக்கமானது. அந்த நாட்களில் பேசுவதற்கு அதற்கு இருக்கும் ஒரே மொழியையும் பிடுங்கிவிட்டால் எங்கே போகும்?

பார்க்கப் போகும் நாள்

சேர்க்கும் முன் நேரில் பார்ப்பதற்கு ‘கெங்காகு’ என்று பெயர். முன்பதிவு செய்து போக வேண்டும். காலை பத்தரை மணிவாக்கில் கிடைத்தால் நல்லது. பாடம் முடிந்து விளையாட்டு தொடங்கும் நேரம் அது. குழந்தைகள் தங்களுக்குள் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று காதால் கேட்கலாம். கீழே விழுந்து அழும் குழந்தையை எந்த மொழியில் தேற்றுகிறார்கள், கழிப்பறைக்கு எந்த மொழியில் அழைத்துப் போகிறார்கள் என்பதையும்.

நிங்காகை இடமாக இருந்தால், ஆட்களின் எண்ணிக்கை, கட்டணம், காப்பீடு முதலிய விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கண்காணிப்பு அளவுகோல்களை நிறைவேற்றியதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசின் ‘கொகோ தே சாச்சி’ தேடுதளத்திலும் இடத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். உரிமம் பெற்ற ஹொய்க்குயெனில் கைக்குழந்தைகள் மூவருக்கு ஒருவர், ஒன்றிரண்டு வயதில் ஆறு பேருக்கு ஒருவர் வேண்டும். 2024 ஏப்ரலில் மூன்று வயதுக்கு 15 பேருக்கு ஒருவர், நான்கைந்து வயதுக்கு 25 பேருக்கு ஒருவர் என்று இறுக்கினார்கள். நிங்காகையில் வேலை செய்பவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினராவது தகுதிபெற்ற பராமரிப்பாளராகவோ செவிலியராகவோ இருந்தால் போதும். ஆங்கிலம் பேசும் ஆசிரியர் அந்த ஒரு பங்கில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் இல்லாத நாளில் யார் வகுப்பெடுப்பார், போன ஆண்டு இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். மார்ச் மாதக் கடைசியில் பாதிப் பேர் மாறும் இடத்தில், குழந்தை ஒவ்வோர் ஏப்ரலும் புதிதாக அழத் தொடங்கும்.

பேருந்து உண்டென்றால் கூடுதலாக ஒரு கேள்வி. 2022 செப்டம்பரில் ஷிசுவோகா மாகாணத்தின் மகினோஹாரா நகரில், பள்ளிப் பேருந்துக்குள் விடப்பட்ட மூன்று வயதுக் குழந்தை வெயிலில் இறந்தது. அதன்பின் 2023 ஏப்ரல் முதல், கடைசி இருக்கைவரை சோதிக்க வைக்கும் எச்சரிக்கைக் கருவி பேருந்துகளில் கட்டாயம். கருவி இருக்கிறதா என்பதோடு, சொல்லாமல் குழந்தை வராமல் போனால் எத்தனை மணிக்கு வீட்டுக்கு அழைப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும். மகினோஹாராவில் அந்த அழைப்பு போகவில்லை.

நாள்காட்டியும் காகிதமும்

கல்வியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆனால் வயதுக்கோடு ஏப்ரல் 2இல் விழுகிறது. ஜப்பானியச் சட்டத்தில் பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது கூடிவிடுவதால், ஏப்ரல் 1இல் பிறந்த குழந்தை மூத்த வகுப்பின் கடைசிக் குழந்தையாகிவிடும். 2022 ஏப்ரல் 2 முதல் 2023 ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் 2026 ஏப்ரலில் நென்ஷோ, அதாவது யோச்சியெனின் முதல் ஆண்டு. அடுத்தவை நென்சூ, நென்சோ. ‘வயசு பத்தலை, ஒரு வருஷம் கழிச்சுப் போடலாம்’ என்ற நம்மூர்ப் பேச்சு இங்கே செல்லாது.

டோக்கியோவின் தனியார் யோச்சியென்களில் விண்ணப்பப் படிவம் அக்டோபர் 15 முதல் தரப்படும், நவம்பர் 1 முதல் ஏற்கப்படும். கோடையிலும் செப்டம்பரிலும் விளக்கக் கூட்டங்கள். இரண்டு வயதுக்காரர்களுக்கான முன்வகுப்பு நடத்தும் இடங்களில் அந்தக் குழந்தைகளுக்கே முதல் இடம். உரிமம் பெற்ற ஹொய்க்குயெனின் ஏப்ரல் சேர்க்கைக்கு வார்டுகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் விண்ணப்பம் வாங்கும். பெற்றோர் இருவருக்கும் நிறுவனம் நிரப்பித்தரும் ‘ஷூரோ ஷோமெய்ஷோ’ எனும் பணிச்சான்று வேண்டும். இந்திய நிறுவனத்தின் மாற்றலில் வந்தவர்கள் இதைக் கடைசி வாரத்தில் கேட்டால், ஜப்பான் கிளையில் கையெழுத்துப் போட அதிகாரம் யாருக்கு என்று முடிவாவதற்குள் கெடு போய்விடும். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

தடுப்பூசி அட்டை தனி வேலை. இந்தியாவில் ஒன்பது மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி, முதல் பிறந்தநாளுக்கு முந்தையது என்பதால் ஜப்பானிய மருத்துவர் கணக்கில் எடுக்காமல் போகலாம். இங்கே முதல் தவணை ஒரு வயது முடிந்தபின், இரண்டாவது தொடக்கப்பள்ளிக்கு முந்தைய ஆண்டில். நீர்க்கோளவான் எனும் சின்னம்மைக்கு இரண்டு தவணை, மூன்றாவது பிறந்தநாளுக்குள் போட்டால் அரசுச் செலவு, தாண்டினால் நம் செலவு. பொன்னுக்குவீங்கி ஊசி அட்டவணையில் இல்லை, விரும்பினால் போடலாம். இந்திய அட்டையுடன் வார்டின் சுகாதார மையத்துக்குப் போனால் தாய்சேய் கையேடும் விடுபட்ட ஊசிகளுக்கான சீட்டுகளும் தருவார்கள். பள்ளி கேட்பது அந்தக் கையேட்டின் நகலைத்தான்.

பெயர் ஒரு சிக்கல். ஜப்பானியப் படிவம் குடும்பத்துக்கே ஒரு குடும்பப்பெயர் இருக்கும் என்று நம்புகிறது. நம் கடவுச்சீட்டுகளில் அப்பாவுக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மாவுக்கு இன்னொன்று. வசிப்பிட அட்டையில் உள்ள வரிசையையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். கதகானா எழுத்தில் ஒரே ஒரு வடிவத்தை முடிவு செய்து, வங்கிக் கணக்கிலும் அதையே வையுங்கள்; ஒரு நெடில் கூடினாலும் வார்டின் பணம் திரும்பிப் போகும். கூப்பிடும் பெயரையும் யோசிக்க வேண்டும். ஜப்பானியர் காதில் ர, ற, ல, ள, ழ எல்லாம் ஒன்று, ‘ன்’ தவிர வேறு ஒற்றில் சொல் முடியாது. அருள் அங்கே ‘அருரு’ ஆகிவிடுவான். குழந்தை அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும்.

டப்பாவும் காதும்

சைவக் குடும்பங்கள் ‘கறி, மீன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மீன் தட்டில் தெரியாது. மிசோ சூப்பின் ‘தாஷி’யில், அதாவது காய்ந்த மீனை ஊறவைத்த சாற்றில் இருக்கும். குழந்தைகளுக்குப் பிடித்த ஜப்பானியக் குழம்புக் கட்டியில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கும். சூப்புக் கட்டி, ஜெல்லிப் பண்டங்கள், வெள்ளையாக வட்டம் வட்டமாக நறுக்கிப்போட்ட சிகுவா (அது மீன்) எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒவ்வாமைக்கு மருத்துவர் சான்று கொடுத்தால் அந்தப் பொருளை நீக்கிச் சமைப்பார்கள். வழக்கம் அல்லது நம்பிக்கை சார்ந்த உணவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ‘வீட்டிலிருந்து டப்பா கொண்டுவாருங்கள்’ என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதை முதல் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

டப்பாவிலும் விதி உண்டு. 2020 பிப்ரவரியில் மட்சுவே நகரில், செத்சுபுன் சடங்கின் வறுத்த சோயா தொண்டையில் சிக்கி நான்கு வயதுக் குழந்தை இறந்தது. ஐந்து வயதிலும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் கெட்டியான கொட்டை, பருப்பு வகைகளைக் கொடுக்காதீர்கள் என்று நுகர்வோர் முகமை சொல்கிறது. பொங்கலில் முந்திரி, புளியோதரையில் வேர்க்கடலை, எலுமிச்சைச் சாதத்தில் தாளித்த கடலைப்பருப்பு எல்லாம் டப்பாவைத் திறந்ததும் திரும்பி வரும். திராட்சையும் சின்னத் தக்காளியும் நான்காக வெட்டியிருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை சாதத்தை நன்றாக ஆறவிட்டு மூடி, பனிக்கட்டிப் பையோடு அனுப்புங்கள்.

காதுகுத்திய குழந்தையின் தோட்டைக் கழற்றச் சொல்லும் இடங்கள் நிறைய. அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; திருகாணி கழன்று பக்கத்துக் குழந்தை வாயில் போவதுதான் அவர்கள் பயம். சேர்க்கும்போதே பேசிவிடுங்கள். அரைஞாண் கயிற்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உடை மாற்றும்போது திகைப்பார்கள். தலைமூடி வைத்த சட்டை, கழுத்தில் கயிறு தொங்கும் சட்டை கூடாது, சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும். குழந்தை உடைகளின் கயிறுகளுக்கென்றே 2015இல் ஜப்பான் ஒரு தொழில்தரம் வகுத்தது.

பொருட்களில் பெயர் எழுதுவதுதான் பெரிய வேலை. சாக்ஸ் ஒவ்வொன்றிலும், டயப்பர் ஒவ்வொன்றிலும், வண்ணப் பென்சில் ஒவ்வொன்றிலும் ஹிரகானாவில். அச்சடித்த பெயர் ஒட்டிகளை முன்கூட்டியே வாங்கிவிடலாம். உள்ளே போடும் ‘உவாபாகி’ செருப்பு, கொக்கியில் மாட்டும் வளையம் தைத்த துண்டு, மாற்றுடை, குவளைப் பை இவை பொதுவானவை. பையின் அளவைச் சென்டிமீட்டரில் சொல்வார்கள், அதையே கேட்பார்கள்.

முதல் வாரங்கள்

முதல் நாளே எட்டு மணி நேரம் விட முடியாது. ‘நராஷி ஹொய்க்கு’ என்று ஒன்று அல்லது இரண்டு வாரம்: முதலில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடுவரை, பிறகு தூக்கம்வரை. அந்த வாரத்திலேயே வேலையில் சேரத் தேதி கொடுத்துவிட்டால் திண்டாட்டம்.

காய்ச்சலின் கோடு 37.5 பாகை; நம் கணக்கில் 99.5. அதைத் தொட்டால் அழைப்பு வரும், வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். நமக்கு அது காய்ச்சலே இல்லை, அவர்களுக்கு அது முடிவு. இன்ஃப்ளூயன்சா என்றால் தொடங்கிய நாளுக்குப் பின் ஐந்து நாளும், காய்ச்சல் விட்டபின் மூன்று நாளும் கழிய வேண்டும். இரண்டும் முடிந்தால்தான் உள்ளே. முதல் ஆண்டில் மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதோ ஒன்று வரும் என்று வைத்துக்கொண்டே விடுப்பைத் திட்டமிட வேண்டும். நோயுற்ற குழந்தைகளைப் பார்க்கும் தனி இடங்கள் வார்டில் உண்டு. ஆனால் அவற்றில் முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்த காலையில் படிவம் நிரப்ப நேரமிருக்காது.

நிலநடுக்கம் வந்தால் பதிவு செய்த ஆளிடம் மட்டுமே குழந்தையை ஒப்படைப்பார்கள். கணவர் ஷின்ஜுகுவில் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு ரயிலும் நின்றுவிட்டால் யார் வருவார்? நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு நண்பரின் பெயரையும் அந்தத் தாளில் எழுதிவையுங்கள், அவரிடமும் சொல்லிவையுங்கள்.

ஊர் திரும்பவோ வார்டு மாறவோ நேர்ந்தால், விலகுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பிரீஸ்கூல் ஒப்பந்தங்களில் இருக்கும். மாற்றல் உத்தரவு மூன்று வாரத்தில் வருகிறவர்கள் இந்த வரியைச் சேரும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வார்டு மாறினால் சான்றும் புதிதாக வாங்க வேண்டும், பழையது கூடவே வராது. புது வார்டில் குடியேற்றப் பதிவு செய்யும் அன்றே, பக்கத்துக் கவுன்டரில் அதையும் கொடுத்துவிடுங்கள்.